எஸ்.ஏ. கணு: இதயத்தின் இயற்கைப் பேஸ்மேக்கர்

எஸ்.ஏ. கணு என்பது இதயத்தின் வலது மேலறைச் சுவரில் அமைந்துள்ள ஒரு சிறிய திசுத் தொகுதி ஆகும். பாடநூல்களில் இது சைனோ ஏட்ரியல் கணு என்று குறிப்பிடப்படுகிறது. இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கி வைக்கும் மின்தூண்டல் இங்குதான் பிறக்கிறது. எனவே இது இதயத்தின் இயற்கைப் பேஸ்மேக்கர் எனப்படுகிறது.

நிமிடத்திற்குச் சராசரியாக 72 முறை என்று கணக்கிட்டால், இதயம் ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கிறது. எழுபது ஆண்டு வாழும் ஒருவருக்கு இது ஏறத்தாழ 265 கோடி துடிப்புகள் ஆகும். இத்தனை துடிப்புகளுக்கும் மூளைதான் கட்டளை இடுகிறது என்று மாணவர்கள் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. துடிப்பைத் தொடங்குவது இதயமே. மூளையும் நரம்புகளும் அதன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே செய்கின்றன. இந்த வேறுபாடு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. மூளைச்சாவு என்றால் என்ன, ஒருவரின் இதயம் இன்னொருவர் உடலில் எப்படித் துடிக்கிறது, பேஸ்மேக்கர் கருவி யாருக்குத் தேவை ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை இதில் அடங்கியுள்ளது.

அமைவிடமும் அமைப்பும்

மனித இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலே உள்ள இரண்டும் மேலறைகள். இவை ஏட்ரியம் அல்லது ஆரிக்கிள் எனப்படும். கீழே உள்ள இரண்டும் கீழறைகள். இவை வெண்ட்ரிக்கிள் எனப்படும். உடலின் மேற்பகுதியிலிருந்து அசுத்த இரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை வலது மேலறையில் சேரும் இடத்தில் எஸ்.ஏ. கணு உள்ளது. பிறை வடிவம் கொண்ட இதன் நீளம் ஏறத்தாழ 1 முதல் 2 செ.மீ. வரை இருக்கும். அகலம் சில மில்லிமீட்டர்கள் மட்டுமே.

இக்கணுவின் செல்களும் தசைச் செல்களே. ஆனால் சுருங்குவதற்கான இழைகள் இவற்றில் மிகக் குறைவு. இரத்தத்தைத் தள்ளும் வேலை இவற்றுக்கு இல்லை. தாளம் போடுவது மட்டுமே இவற்றின் வேலை. பெரும்பாலானோருக்கு இக்கணுவிற்கான இரத்தம் வலது கரோனரித் தமனியிலிருந்து பிரியும் சிறு கிளை வழியாக வருகிறது. அதனால்தான் வலது கரோனரித் தமனி அடைபட்டு மாரடைப்பு வரும்போது சிலருக்கு நாடித் துடிப்பும் குறைந்துவிடுகிறது.

கண்டறியப்பட்ட வரலாறு

உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளையின் இதயம் தக்க உப்புக் கரைசலில் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. துடிப்பு இதயத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

இதயத்தின் மின்பாதை பின்னிருந்து முன்னாகக் கண்டறியப்பட்டது எனலாம். பாதையின் கடைசிப் பகுதியான பர்கின்ஜி இழைகளை செக் நாட்டு அறிஞர் யான் பர்கின்ஜி 1839-இல் விவரித்தார். அதற்கு முந்தைய பகுதியான ஹிஸ் கற்றையை வில்ஹெல்ம் ஹிஸ் 1893-இல் கண்டறிந்தார். ஜெர்மனியில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜப்பானியரான சுனாவோ தவாரா, அதற்கும் மேலே உள்ள ஏ.வி. கணுவை 1906-இல் விளக்கினார்.

தொடக்க இடம் கடைசியாகத்தான் கிடைத்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஆர்தர் கீத் என்ற உடற்கூறியல் அறிஞரின் கிராமத்து வீட்டில், மார்ட்டின் ஃப்ளாக் என்ற மருத்துவ மாணவர் 1906 கோடையில் ஒரு மூஞ்செலியை ஒத்த மோல் என்னும் சிறு விலங்கின் இதயத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மேற்பெருஞ்சிரை இதயத்தைச் சேரும் இடத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு திசு அவர் கண்ணில் பட்டது. மற்ற பாலூட்டிகளிலும் அதே இடத்தில் அது இருப்பதை இருவரும் கண்டு 1907-இல் வெளியிட்டனர். இதயத்தின் மின்னலை அந்த இடத்திலிருந்தே புறப்படுகிறது என்பதைத் தாமஸ் லூயிஸ் 1910-இல் சோதனை மூலம் நிறுவினார்.

துடிப்பு எவ்வாறு பிறக்கிறது?

ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் உள்ளே ஒரு மின்னழுத்தமும் வெளியே ஒரு மின்னழுத்தமும் உள்ளன. சாதாரண இதயத் தசைச் செல் ஓய்வில் இருக்கும்போது உட்பகுதி ஏறத்தாழ மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் நிலையாக நிற்கும். வெளியிலிருந்து தூண்டல் வரும்வரை அது அசையாது.

எஸ்.ஏ. கணுவின் செல்லுக்கு அப்படி நிலையான ஓய்வு கிடையாது. ஒரு துடிப்பு முடிந்ததும் அதன் உட்பகுதி ஏறத்தாழ மைனஸ் 60 மில்லிவோல்ட்டுக்கு இறங்குகிறது. இறங்கிய அக்கணமே தனி வகைக் கால்வாய்கள் திறந்துகொள்கின்றன. அவற்றின் வழியே சோடியம் அயனிகள் மெல்ல உள்ளே கசிகின்றன. மின்னழுத்தம் படிப்படியாக ஏறுகிறது. பின்னர்க் கால்சியம் அயனிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஏறத்தாழ மைனஸ் 40 மில்லிவோல்ட் என்ற எல்லையைத் தொட்டவுடன் கால்சியம் கால்வாய்கள் அகலத் திறந்து, மின்தூண்டல் வெடித்துக் கிளம்புகிறது. அதன்பின் பொட்டாசியம் அயனிகள் வெளியேற, மின்னழுத்தம் மீண்டும் கீழே இறங்குகிறது. உடனே அடுத்த கசிவு தொடங்கிவிடுகிறது.

குழாயடியில் துளித்துளியாக நிரம்பும் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளலாம். விளிம்பைத் தொட்டதும் அது கவிழ்ந்து காலியாகி, மறுபடியும் நிரம்பத் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால் கணுவின் செயல் விளங்கும். துளி விழும் வேகம் கூடினால் பாத்திரம் அடிக்கடி கவிழும். வேகம் குறைந்தால் எப்போதாவது கவிழும். துடிப்பின் வேகம் மாறுவதும் இப்படித்தான்.

இந்தக் கசிவு மின்னோட்டத்தை ஹில்லரி பிரவுன், டாரியோ டிஃப்ரான்செஸ்கோ ஆகியோர் 1979-இல் கண்டறிந்து வெளியிட்டனர். இதயத்துடிப்பைக் குறைக்க இன்று தரப்படும் இவாப்ரடின் என்ற மாத்திரை, இக்கசிவை ஓரளவு தடுப்பதன் மூலமே வேலை செய்கிறது.

மின்னலை செல்லும் பாதை

எஸ்.ஏ. கணுவில் பிறந்த மின்னலை முதலில் இரு மேலறைகளிலும் பரவுகிறது. மேலறைகள் சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளுக்குள் அனுப்புகின்றன. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே மின்சாரம் கடத்தாத நார்த்திசு இருப்பதால், அலை நேராகக் கீழே இறங்க முடியாது. அதற்கு ஒரே வாயில் ஏ.வி. கணுதான்.

ஏ.வி. கணு அலையை ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி நேரம் தாமதிக்கச் செய்கிறது. இத்தாமதம் மிகவும் பயனுள்ளது. கீழறைகள் இரத்தத்தால் நிரம்பிய பிறகே அவை சுருங்க வேண்டும். நிரம்புவதற்கு முன் சுருங்கினால் பயனில்லை. தாமதத்திற்குப் பின் அலை ஹிஸ் கற்றைக்குச் சென்று, இடம் வலம் எனக் கிளை பிரிந்து, பர்கின்ஜி இழைகள் வழியாக நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் கீழறைச் சுவர் முழுவதும் பாய்கிறது. கீழறைகள் ஒன்றாகச் சுருங்குகின்றன. நாம் மணிக்கட்டில் உணரும் நாடி இச்சுருக்கத்தின் விளைவே.

ஈ.சி.ஜி. தாளில் காணப்படும் வரைகோடு இப்பயணத்தின் பதிவாகும். முதலில் வரும் சிறு மேடான பி அலை, மேலறைகளில் மின்னலை பரவுவதைக் காட்டுகிறது. அடுத்து வரும் கூர்மையான முனை, கீழறைகளுக்கு உரியது. இரண்டுக்கும் இடையே உள்ள தட்டையான கோட்டின் பெரும்பகுதி ஏ.வி. கணுவில் ஏற்படும் தாமதம். எஸ்.ஏ. கணு மிகச் சிறியது என்பதால் அதன் மின்னோட்டம் ஈ.சி.ஜி.யில் தெரிவதில்லை. ஒழுங்கான பி அலைகளைக் கண்டு, கணு சரியாக இயங்குகிறது என்று மருத்துவர் அறிந்துகொள்கிறார்.

மாற்று ஏற்பாடுகள்

தானாகத் துடிப்பை உண்டாக்கும் திறன் எஸ்.ஏ. கணுவுக்கு மட்டும் உரியதன்று. ஏ.வி. கணுப் பகுதியால் நிமிடத்திற்கு 40 முதல் 60 முறையும், பர்கின்ஜி இழைகளால் 20 முதல் 40 முறையும் தூண்டலை உண்டாக்க முடியும். ஆனால் எஸ்.ஏ. கணு இவற்றைவிட வேகமானது. மற்றவற்றின் முறை வருமுன்பே அதன் அலை வந்து அவற்றைத் தொடக்க நிலைக்குத் தள்ளிவிடுகிறது.

பெரம்பூரில் பின்னி ஆலை இயங்கிய காலத்தில் புளியந்தோப்பு, ஓட்டேரி வட்டாரத்துக் குடும்பங்களின் பொழுது ஆலைச் சங்கை ஒட்டியே நகர்ந்தது. சங்கு ஊதும்வரை வீட்டுக் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. சங்கு ஒருநாள் ஊதாவிட்டால்தான் கடிகாரத்தின் நினைவு வரும். அதுபோல, எஸ்.ஏ. கணு நின்றால் அல்லது அதன் அலை வழியில் தடைபட்டால் கீழே உள்ளவை பொறுப்பேற்கின்றன. உயிர் காக்கும் ஏற்பாடு இது. ஆயினும் வேகம் குறைவு என்பதால் மூளைக்குப் போதிய இரத்தம் செல்லாமல் தலைசுற்றலும் மயக்கமும் வரலாம்.

நரம்புகளின் பங்கு

எஸ்.ஏ. கணுவை அதன் போக்கில் விட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை தூண்டும். ஆனால் அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவரின் நாடி 70 அல்லது 75 ஆக இருப்பதேன்? மூளைத்தண்டிலிருந்து வரும் வேகஸ் நரம்பு எந்நேரமும் மெல்லப் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதே காரணம். இந்நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து கசிவைக் குறைக்கிறது. நரம்பிலிருந்து வேதிப்பொருள் வழியாகவே செய்தி செல்கிறது என்பதை ஆட்டோ லோவி 1921-இல் தவளை இதயங்களைக் கொண்டு நிறுவினார். இதற்காக 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பரிவு நரம்புகள் இதற்கு எதிரானவை. நார்அட்ரினலின் சுரந்து கசிவை விரைவுபடுத்துகின்றன. அச்சம், கோபம், ஓட்டம், மாடிப்படி ஏறுதல் ஆகியவற்றின்போது நெஞ்சு படபடப்பது இதனால்தான். காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் துடிப்பு ஏறத்தாழ 10 கூடும். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது சற்றுத் தளர்வதும் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் இயல்பாகக் காணப்படும், அது நோயன்று.

மூளைச்சாவும் துடிக்கும் இதயமும்

சாலை விபத்தில் தலையில் பலத்த அடிபட்ட ஒருவரின் மூளைத்தண்டு முற்றிலும் செயலிழந்துவிட்டால், அவரால் தானாக மூச்சுவிட முடியாது. மூச்சை நடத்தும் கட்டளை மூளைத்தண்டிலிருந்தே வர வேண்டும். வென்டிலேட்டர் பொருத்தினால் நுரையீரலுக்கு ஆக்சிஜன் கிடைக்கும். ஆக்சிஜன் உள்ள இரத்தம் கிடைக்கும்வரை எஸ்.ஏ. கணு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். எனவே மூளை இறந்த பிறகும் சில மணி நேரமோ, சில நாட்களோ இதயம் துடிக்கிறது. மார்பு ஏறி இறங்குகிறது. உடல் சூடாக இருக்கிறது. திரையில் ஈ.சி.ஜி. கோடு ஓடுகிறது.

"இதயம் துடிக்கிறதே, உயிர் போய்விட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று உறவினர் கேட்பது இயல்பு. அக்கேள்வியில் தவறேதும் இல்லை. நாடி நிற்பதே மரணம் என்றுதான் தலைமுறை தலைமுறையாக நாம் அறிந்திருக்கிறோம். மூச்சுக்கு மூளையின் கட்டளை தேவை, இதயத் துடிப்புக்குத் தேவையில்லை என்பதே அதற்கான விடை. வென்டிலேட்டரை நிறுத்தினால் மூச்சு நிற்கும். ஆக்சிஜன் இன்றிச் சில நிமிடங்களில் கணுவும் நிற்கும்.

மூளைச்சாவு அடைந்தவரின் நாடியில் ஒரு வேறுபாடு உண்டு. வேகஸ் நரம்பின் பிரேக்கைத் தளர்த்தி நாடியை உயர்த்தும் அட்ரோபின் ஊசியைச் செலுத்தினாலும் அவர் நாடி உயர்வதில்லை. பிரேக் பிடிக்கும் மூளைத்தண்டே செயலிழந்துவிட்டதால், தளர்த்துவதற்கு ஒன்றுமில்லை.

கோமா என்பது வேறு. கோமாவில் இருப்பவரின் மூளைத்தண்டு முழுமையாக அழிந்துவிடவில்லை. அவர் மீண்டு வரவும் கூடும். மூளைச்சாவு அடைந்தவர் மீள்வதில்லை. 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, நான்கு மருத்துவர் கொண்ட குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே மூளைச்சாவை அறிவிக்க முடியும்.

2008: சென்னையில் ஓர் இதயத்தின் பயணம்

தமிழ்நாட்டில் பொதுமக்களுக்கு மூளைச்சாவு என்ற சொல் பரவலாக அறிமுகமானது 2008 செப்டம்பரில். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவர் சாலை விபத்தில் காயமுற்று, சென்னை அப்போலோ மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்தார். மருத்துவர்களான பெற்றோர் அவரது உறுப்புகளைத் தானம் செய்தனர். போக்குவரத்துக் காவலர் வழியை ஒழுங்குசெய்ய, இதயம் முகப்பேரில் உள்ள ஃபிரண்டியர் லைஃப்லைன் மருத்துவமனைக்கு ஏறத்தாழ 11 நிமிடங்களில் சேர்ந்தது. அங்கே அது 9 வயதுச் சிறுமி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது.

அம்மருத்துவமனையை நிறுவியவர் டாக்டர் கே.எம். செரியன். புளியந்தோப்புக்கு அருகிலுள்ள பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-இல் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தவர் இவரே.

தானமாகப் பெறும் இதயத்தை எடுக்கும் முன், பொட்டாசியம் மிகுந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்தி அதை நிறுத்துவர். செல்லுக்கு வெளியே பொட்டாசியம் மிகுந்துவிட்டால், மின்னழுத்தம் கீழே இறங்கித் தொடக்க நிலைக்குத் திரும்ப முடியாது, துடிப்பு நின்றுவிடும். குளிர்நிலையில் வைத்த இதயத்தைப் பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்திற்குள் பொருத்தியாக வேண்டும். புதிய உடலின் வெதுவெதுப்பான இரத்தம் உள்ளே பாய்ந்ததும் பொட்டாசியம் கழுவப்பட்டு, கணு மீண்டும் தாளம் போடத் தொடங்குகிறது. சில நேரம் மின் அதிர்ச்சியோ, தற்காலிகப் பேஸ்மேக்கரோ உதவிக்குத் தேவைப்படும்.

இதயத்தை எடுக்கும்போது அதற்கு வரும் நரம்புகள் வெட்டப்படுகின்றன. அவற்றை மறுபடி இணைப்பதில்லை. இருந்தும் இதயம் துடிக்கிறது. வேகஸ் பிரேக் இல்லாததால் மாற்று இதயம் பெற்றவரின் ஓய்வுநிலைத் துடிப்பு 90 முதல் 110 வரை இருக்கும். அவர் ஓடத் தொடங்கினால் துடிப்பு உடனே ஏறாது. இரத்தத்தில் அட்ரினலின் கூடிய பிறகு மெல்ல ஏறும். நின்ற பிறகும் மெல்லத்தான் இறங்கும்.

பழைய அறுவை முறையில் பெறுபவரின் வலது மேலறையில் ஒரு பகுதியை அவரது சொந்தக் கணுவுடன் விட்டுவைப்பர். அத்தகையவரின் ஈ.சி.ஜி.யில் இரு வகைப் பி அலைகள் தெரியும். ஒன்று அவருடைய கணுவினது. மற்றொன்று தானம் தந்தவருடையது. தையல் வடுவைத் தாண்டி முதல் அலை செல்லாது. இதயத்தை நடத்துவது தானம் தந்தவரின் கணுவே.

கணு பழுதடைந்தால்

முதுமையில் எஸ்.ஏ. கணுவில் நார்த்திசு மிகுந்து, அதன் செல்கள் குறையலாம். துடிப்பு மிகவும் குறைவது, இடையிடையே சில நொடிகள் நிற்பது, குறைவும் மிகுதியும் மாறி மாறி வருவது ஆகியவை இதன் அறிகுறிகள். காரணமின்றி மயங்கி விழுதல், அடிக்கடி தலைசுற்றல், சிறிது நடந்தாலும் மிகுந்த சோர்வு ஆகியவை இருந்தால் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் சில மாத்திரைகளும் துடிப்பைக் குறைக்கும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

மஞ்சள் அரளியின் விதை உள்ளிட்ட எல்லாப் பாகங்களிலும் உள்ள நஞ்சு எஸ்.ஏ. கணுவையும் ஏ.வி. கணுவையும் தாக்கும். குழந்தைகள் தெரியாமல் வாயில் வைத்தாலும், முதலில் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

செயற்கைப் பேஸ்மேக்கர்

கணு போதிய வேகத்தில் இயங்காதபோது, அல்லது அதன் அலை கீழறைக்குச் சேராதபோது, செயற்கைப் பேஸ்மேக்கர் பொருத்தப்படுகிறது. உடலுக்குள் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபரில் சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. ரூனே எல்ம்க்விஸ்ட் உருவாக்கிய கருவியை ஓகே சென்னிங் பொருத்தினார். முதல் கருவி சில மணி நேரமே இயங்கியது. லார்சன் அடுத்தடுத்துப் பல கருவிகள் மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார்.

இன்றைய கருவி காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் வைக்கப்படுகிறது. மெல்லிய கம்பி ஒன்று சிரை வழியாக இதயத்திற்குள் செல்கிறது. கருவி இதயத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். இயற்கைத் துடிப்பு வந்தால் சும்மா இருக்கும், வராவிட்டால் மட்டும் தூண்டும். பேட்டரி பல ஆண்டுகள் நீடிக்கும். தமிழ்நாட்டில் தகுதியுள்ளோருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இச்சிகிச்சை கிடைக்கிறது.

கருவி பொருத்தியவர்கள் கவனிக்க வேண்டியவை:

கைப்பேசியைக் கருவி உள்ள பக்கத்துச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது. மறுபக்கக் காதில் வைத்துப் பேச வேண்டும்.

துறைமுகம், பட்டறை, தொழிற்சாலைகளில் வெல்டிங் வேலை செய்வோர் பணிக்குத் திரும்பும் முன் மருத்துவரிடம் தம் வேலையின் தன்மையைக் கூற வேண்டும். வலுவான காந்தப்புலம் கருவியைக் குழப்பக்கூடும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கருவி இருப்பதைத் தெரிவிக்க வேண்டும்.

கருவி உள்ளவர் இறந்தால் எரியூட்டுவதற்கு முன் மருத்துவமனையில் சொல்லி அதை அகற்றிவிட வேண்டும். தீயில் பேட்டரி வெடிக்கும்.

நாடி பார்க்கும் முறை

ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மற்றொரு கையின் ஆள்காட்டி, நடு விரல்களை மென்மையாக வைக்க வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதிலேயே நாடி இருப்பதால் எண்ணிக்கை குழம்பும். ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு 60-க்குக் கீழ் இருப்பதும் இயல்பே; பிறந்த குழந்தைக்கு 120-க்கு மேல் இருக்கும். எண்ணிக்கையோடு சீரையும் கவனிக்க வேண்டும். தாளம் முற்றிலும் ஒழுங்கற்று இருந்தாலோ, நாடி குறைந்து தலைசுற்றலும் சேர்ந்து வந்தாலோ மருத்துவரை அணுக வேண்டும்.

மாணவர்கள் வகுப்பில் ஒருவருக்கொருவர் நாடி பார்த்து எழுதிக்கொண்டு, மைதானத்தை ஒருமுறை ஓடி வந்து மறுபடி எண்ணலாம். எண்ணிக்கை எவ்வளவு ஏறியது, பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒப்பிட்டால், பரிவு நரம்பும் வேகஸ் நரம்பும் எஸ்.ஏ. கணுவின்மீது செய்யும் வேலையைத் தம் விரல் நுனியிலேயே அறியலாம்.